கம்பெனி வண்டியை ஓட்டும் ஊழியருக்குக் காப்பு எங்கே?

கம்பெனி காரின் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப். இருந்தாலும் போதும். பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளுக்கு அப்புறம் வரலாம். முதலில் பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் தாளைப் பாருங்கள். ஒரு பக்கம் ‘ஓன் டேமேஜ்’, அதாவது வண்டிக்கு ஆகும் சேதம். மறுபக்கம் ‘லயபிலிட்டி’, அதாவது வண்டியால் பிறருக்கு ஆகும் பாதிப்பு. லயபிலிட்டி பகுதியின் கீழே மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு ஒன்று. சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு இரண்டாவது. ஓட்டுநர் அல்லாத மற்ற ஊழியர்களுக்கான சட்டப் பொறுப்பு மூன்றாவது.

நான் புரட்டிப் பார்த்த சிறு நிறுவனங்களின் பாலிசிகளில் இரண்டாவது வரியில் 50 ரூபாய் என்று இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. மூன்றாவது வரியை அநேகமாகப் பார்க்கவே முடியாது. ஆனால் யாரைக் கேட்டாலும் “ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோம் சார்” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கார் நசுங்கினால் பணம் வரும். கார் மோதி ரோட்டில் போனவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கும் வரும். ஸ்டீயரிங் பிடித்திருந்த ஊழியருக்கு என்ன வரும் என்பதை மட்டும் அந்த ‘ஃபுல்’ சொல்லாது. முதலாளிகள் இதில் அலட்சியமாக இருப்பதை விடவும், ஊழியர்கள் கேட்காமலே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது.

15 லட்சம் யாருக்கு?

சொந்த கார், சொந்த பைக் வைத்திருப்பவர்களுக்கு உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு பழக்கமானது. முன்பு பைக்குக்கு ஒரு லட்சம், காருக்கு இரண்டு லட்சம் என்று இருந்தது. அது போதாது, 15 லட்சமாவது வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2018-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அதை நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வண்டியின் சொந்தக்காரர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் கிடைக்கும். தவறு யார்மேல் என்ற கேள்வியே அங்கே எழாது.

கம்பெனி காருக்கு இது கிடையாது. ஒரு கம்பெனியோ கூட்டு நிறுவனமோ வண்டியின் உரிமையாளராக இருந்தால் இந்தக் காப்பைத் தரக்கூடாது, அதற்கான பிரீமியமும் வாங்கக்கூடாது என்பது மோட்டார் இன்ஷூரன்ஸ் விதி. கம்பெனிக்கு உயிரும் இல்லை, லைசென்ஸும் இல்லை. ஆகவே உங்கள் பாலிசியில் அந்த முதல் வரி காலியாக இருந்தால் அது பிழையில்லை. தவறிப்போய் அதற்குப் பணம் வாங்கியிருந்தால் எழுத்தில் கேட்டுச் சரிசெய்யுங்கள். இல்லாத காப்பை இருப்பதாக நம்பி நாலு பேர் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஊழியரின் சொந்த பைக் பாலிசியில் இருக்கும் 15 லட்சமும் இங்கே உதவாது. அது அவருடைய சொந்த வண்டியோடு கட்டப்பட்டது.

சிறு ஊர்களில் இன்னொரு ஏற்பாடும் சகஜம். வேலை கம்பெனிக்கு, ஆர்.சி. புக் முதலாளியின் சொந்தப் பெயரில். முதலாளி ஓட்டும்வரை சிக்கலில்லை, 15 லட்சம் அவருக்கு உண்டு. ஊழியர் ஓட்டும்போதுதான் வம்பு. பாலிசிப்படி ‘இன்ஷூர்டு’ முதலாளி. ஊழியருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. ‘இன்ஷூர்டின் ஊழியர்’ என்று எழுதியிருக்கும் காப்பு அவருக்குப் பொருந்துமா என்று வாதிட இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இடம் கிடைத்துவிடும். வண்டி கம்பெனி வேலைக்குத்தான் என்றால் ஆர்.சி.யும் பாலிசியும் கம்பெனி பெயரில் இருப்பதே நல்லது.

பின் சீட்டில் இருப்பவர்களில் யார் யார்?

இப்போது பொடி எழுத்துக்கு வாருங்கள். தனியார் காருக்கான பேக்கேஜ் பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பு பற்றிய பகுதியை எடுங்கள். காரில் பயணம் செய்பவர்களுக்கும் பொறுப்பேற்பதாக அங்கே எழுதியிருக்கும். அதே மூச்சில் ஒரு விலக்கும் இருக்கும். இன்ஷூர்டிடம் வேலை பார்ப்பவருக்கு, அந்த வேலையின் பொருட்டும் வேலையின்போதும் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ, மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்தும் அளவைத் தாண்டிப் பொறுப்பில்லை என்று.

இதை நடைமுறையில் வைத்துப் பாருங்கள். கம்பெனி கார் ஈரோட்டிலிருந்து சேலத்துக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறது. பின் சீட்டில் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர். பக்கத்தில், வழியில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லி ஏறிக்கொண்ட அவருடைய நண்பர். விபத்து நடந்தால் நண்பருக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்கும். வேலையாகப் போனவர் விலக்குக்குள் விழுவார். கம்பெனி வேலைக்காக உயிரைப் பணயம் வைத்துப் பயணம் செய்பவருக்கே காப்பு மெலிந்துபோகிறது. இதைக் கம்பெனி முதலாளிகள் பலர் அறிவதில்லை; பாலிசி விற்கிறவர்களும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மூன்றாவது வரி இருக்கிறது. பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட்களின் பட்டியலில் அதற்கு ஐ.எம்.டி. 29 என்று பெயர். சம்பள ஓட்டுநர் தவிர்த்த மற்ற ஊழியர்கள் அந்தக் காரில் பயணித்தாலும், அதை ஓட்டினாலும், ஏறி இறங்கும்போது அடிபட்டாலும், அவர்களுக்கு நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கும். ஆள் கணக்குக்குத்தான் பிரீமியம், அதுவும் சொற்பம். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு ஐந்து பேரை ஏற்றிச் சென்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டிய தொகையில் விகிதப்படி ஒரு பகுதியை நிறுவனம் திருப்பித் தர வேண்டிவரும். சீட் கணக்குக்கு முழுமையாகப் போட்டுவிடுங்கள்.

சம்பள ஓட்டுநருக்கு உரியது ஐ.எம்.டி. 28. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம், பொதுச் சட்டம் ஆகியவற்றின்கீழ் ஓட்டுநருக்கு நிறுவனம் பட்ட கடமையை இது ஏற்கிறது. 50 ரூபாய்க்கு இவ்வளவு பெரிய காப்பு மோட்டார் இன்ஷூரன்ஸில் வேறு இல்லை என்பேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சேல்ஸ் மேனேஜர் தானே கார் ஓட்டிக்கொண்டு போனால் அவர் ‘சம்பள ஓட்டுநர்’ ஆகிவிடமாட்டார். அவருக்கு 29 வேண்டும்.

ஒரு விபத்தை நடத்திப் பார்ப்போம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். மெர்ச்சண்டைசருக்கு வயது 35, சம்பளம் 40,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை இரவு வெளிநாட்டு பையரை அழைத்துவரக் கோவை விமான நிலையத்துக்குக் கம்பெனி காரில் தனியாகக் கிளம்புகிறார். அவிநாசி தாண்டி சென்டர் மீடியனில் மோதி இறந்துபோகிறார். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

காருக்கான பணம் நிறுவனத்துக்குப் போகும். 15 லட்சம் காப்பு இல்லை என்பதை மேலே பார்த்தோம். ‘பெயர் குறிப்பிடாத பயணிகள் விபத்துக் காப்பு’ போட்டிருந்தால்? அந்த எண்டார்ஸ்மென்ட், வண்டியில் பயணிக்கும்போது ஆகும் காயத்துக்குத்தான். ஓட்டும்போது ஆவதற்கு இல்லை என்று அதிலேயே இருக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றால், கவனக்குறைவு யாருடையது என்று கேட்பார்கள். இடித்தவர் அவரேதான்.

ஐ.எம்.டி. 29 போட்டிருந்தாலும் இங்கே முழுதாகக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நிறுவனத்தின் பொறுப்பை ஏற்கும் காப்பு. நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்று நிலைநாட்டினால்தான் அது வேலை செய்யும். சக ஊழியர் ஓட்டி, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது எளிது. தன் கையாலேயே மோதிக்கொண்டவருக்கு அது கடினம்.

மிஞ்சுவது ஊழியர் இழப்பீடு. அங்கே தவறு யாருடையது என்ற கேள்வி மரணம் நேர்ந்தால் எழாது. வேலையின் பொருட்டு நடந்ததா என்பதே கேள்வி. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு இது: மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. இந்த உச்சவரம்பு 2020 ஜனவரி 3-லிருந்து. 35 வயதுக்குக் காரணி 197.06. ஆக 7,500-ஐ 197.06-ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். 40,000 சம்பளக்காரரின் குடும்பத்துக்கு இதுதான் கணக்கு. இதையும் தனி பாலிசி இல்லையென்றால் நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு முன்னால், மெர்ச்சண்டைசர் அந்தச் சட்டம் சொல்லும் ஊழியர் பட்டியலில் வருகிறாரா என்ற வாதமும் கிளம்பலாம். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. தொகுப்பில் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் இடம் தந்திருக்கிறார்கள். பழைய படிவத்தில் எடுத்த பாலிசியை ஏஜென்ட்டிடம் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்குள் தொகையைக் கட்டாமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும், தொகையில் பாதிவரை அபராதமும் விழும். வட்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கும், அபராதத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஊழியருக்கு வழி வேறு. அவர் முதலாளியிடம் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது, குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. மாதாமாதம் தரும்.

இந்தக் குடும்பத்துக்குச் சண்டையில்லாமல் கைக்கு வந்திருக்கக்கூடிய பணம் ஒன்று உண்டு. அது குழு விபத்துக் காப்பு, குரூப் பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. எந்த வண்டி, யார் ஓட்டினார், தவறு யாருடையது என்று அது கேட்காது. மரணம், நிரந்தர ஊனம் இரண்டுக்கும் தொகை வரும். வாரக்கணக்கில் வேலைக்குப் போகமுடியாமல் கிடந்தால் அதற்கும் சேர்த்து வாங்கலாம். வாகனம் ஓட்டும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஐந்து வருடச் சம்பளத்துக்கு இதைப் போடுங்கள் என்பது என் யோசனை. மோட்டார் பாலிசியின் 28, 29, தனியாக ஊழியர் இழப்பீட்டு பாலிசி, அதன்மேல் இந்தக் குழுக் காப்பு: மூன்றும் சேர்ந்தால்தான் ஓட்டுகிறவரைச் சுற்றி வேலி முழுதாகிறது.

ஆக்டிங் டிரைவர், குட்டி யானை, சொந்த பைக்

டிரைவர் லீவு போட்டால் ஒரு நாளைக்கு ஆக்டிங் டிரைவரை அழைக்கிறோம். அவர் லைசென்ஸ் உள்ளவராக இருந்தால் பாலிசி செல்லும். பாலிசி வண்டியோடு போவது, டிரைவரின் பெயரோடு அல்ல. அவர் உங்கள் ஆள்தான் என்று காட்ட ஆவணம் வேண்டும். அன்றைய கூலியைக் கையில் கொடுக்காமல் யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டு, லைசென்ஸைப் போட்டோ எடுத்து வைத்தாலே போதும். போலி லைசென்ஸ் பிறகு தெரியவந்தாலும், முதலாளி நியாயமான கவனம் எடுத்திருந்தால் அவர்மேல் பழி போடமுடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து தொடரும் நிலை. கார் லைசென்ஸோடு 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாமா என்ற நெடுநாள் வழக்கையும் 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு ஓட்டலாம் என்றே முடித்துவைத்தது. லைசென்ஸே இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்தால் கதை வேறு. இடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வட்டியோடு உங்களிடம் வசூலிக்க வரும்.

குட்டி யானை முதலான சரக்கு வண்டிகளில் ஓட்டுநரின் நிலை காரைவிட மேல். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், போக்குவரத்து வாகனத்தில் இருக்கும் ஓட்டுநரையும் உடன் வேலை செய்பவரையும் ‘மூன்றாம் நபர்’ என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. லோடுமேன்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதே வண்டியில் ஆயுத பூஜைக்கோ கல்யாணத்துக்கோ கம்பெனி ஆட்களைக் குடும்பத்தோடு ஏற்றிச் செல்லாதீர்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை.

ஊழியர் தன் சொந்த பைக்கில், காரில் ஆபீஸ் வேலையாக அலைவதும் உண்டு. தனிப்பயன் பாலிசி வாடகைக்கு ஓட்டுவதையும் சரக்கு ஏற்றுவதையும் விலக்குகிறது. சாம்பிள்களும் சொந்த லக்கேஜும் கொண்டுபோகலாம். ஆகவே மருந்துப் பிரதிநிதி பையில் சாம்பிளோடு சுற்றுவதற்குத் தடையில்லை. கடைக்குக் கடை சரக்கு இறக்கச் சொன்னால் அது விலக்குக்குள் வரும். பெட்ரோல் படி கொடுப்பதோடு நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடாது. அவர்களுக்கும் குழு விபத்துக் காப்பு வேண்டும்.

விபத்து நடந்த அன்று

முதலில் 108. தமிழ்நாட்டில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். பணத்தைப் புரட்டிக்கொண்டு வருகிறோம் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, ஆளை மாற்றிச் சொல்லாதீர்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று லைசென்ஸ் உள்ள வேறொருவரை ஸ்டேஷனில் நிறுத்துவது நடக்கிறது. சி.சி.டி.வி.யும் செல்போன் டவரும் இருக்கும் காலத்தில் அது நிற்காது. வண்டிக்கான கிளெய்மும் போய், குற்ற வழக்கும் வந்து சேரும். அதைவிடக் கொடுமை, ஓட்டிய ஊழியர் அடிபட்டிருந்தால் அவர் வண்டியிலேயே இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

ஊழியரின் குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஆதாரம், அவர் வேலையாகத்தான் போனார் என்பதைக் காட்டும் காகிதம். வண்டியில் ஒரு டிரிப் நோட்டு இருக்கட்டும். தேதி, கிளம்பிய நேரம், மீட்டர் ரீடிங், யார் ஓட்டுகிறார், எங்கே, எதற்கு, யார் அனுப்பியது. திருப்பூர்க்காரர் விஷயத்தில் “ஞாயிறு இரவு 9.40, கோவை ஏர்போர்ட், பையர் பிக்கப், எம்.டி. சொன்னது” என்று ஒரு வரி இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலையாகப் போனார் என்ற வாதம் எழவே முடியாது. ஊழியர்களே, நோட்டு இல்லாத கம்பெனியில் இருந்தால் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அழிக்காமல் வையுங்கள்.

வேறு வண்டியின் தவறால் அடிபட்டிருந்தால் இரண்டு வழிகள் திறந்திருக்கும்: மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், அல்லது ஊழியர் இழப்பீடு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-வது பிரிவு. சம்பளம் அதிகமுள்ளவருக்குத் தீர்ப்பாயமே லாபம். அங்கே 15,000 என்ற உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயத்தில் மனுப்போட ஆறு மாதம் என்பது 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய சட்டம். காரியம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அதற்குள் போட்டுவிடுங்கள். அவசரத்தில் கம்பெனி நீட்டும் ‘செட்டில்மென்ட்’ தாளில் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

காரில் சின்ன இடிதான், ஆளுக்கு ஒன்றுமில்லை என்றால் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் வரும் பயம் வரும். இன்ஷூரன்ஸில் கழிக்கும் கட்டாயத் தொகை 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. நோ கிளெய்ம் போனஸ் போனதையும் சேர்த்து ஊழியர் தலையில் கட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஊழியரின் அலட்சியத்தால் நேரடியாக வந்த நஷ்டத்தை மட்டுமே பிடிக்கலாம், அதுவும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே என்பது ஊதியச் சட்டம். நோட்டீஸே இல்லாமல் பிடித்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

புதுப்பிக்கும்போது ஏஜென்ட்டுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை இப்படி எழுதலாம்:

“எங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ள வாகனத்தின் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, சம்பள ஓட்டுநர் ஒருவருக்கு ஐ.எம்.டி. 28-ஐயும், ஓட்டுநர் இருக்கை உட்பட வாகனத்தின் இருக்கைகள் அனைத்துக்கும் உரிய ஊழியர்களுக்கு ஐ.எம்.டி. 29-ஐயும் சேர்த்துத் தரவும். வாகனத்தை எங்கள் ஊழியர்கள் தாங்களே ஓட்டுவார்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஊழியர் இழப்பீட்டு பாலிசிக்கும், வாகனம் ஓட்டும் ஊழியர்களுக்கான குழு விபத்துக் காப்புக்கும் தனித்தனியே கட்டண விவரம் அனுப்பவும்.”

பதிலாக வரும் கட்டண விவரத்தில் அந்த இரண்டு எண்களும் இருக்கின்றனவா, ஆள் எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டே பணத்தை அனுப்புங்கள். புது பாலிசி வந்ததும் அதன் பிரீமியம் தாளின் நகல் ஒன்றை வண்டி ஓட்டும் ஒவ்வொரு ஊழியருக்கும் கொடுத்து, வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.